நான் தேய்த்து அழித்த தழும்பு

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதிவிட்டு அங்கே நீ எப்படி என்று கேட்பதுதான் என் வழக்கம். இந்த முறை அதைத் திருப்பிப் போடுகிறேன். நீ நலமா? முதலில் அதைச் சொல். எங்கள் நலம் எங்கேயும் ஓடிவிடாது. இந்த ஒரு கேள்வியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். போனில் கேட்டால் என்ன என்று நினைப்பாய். போனில் நீ நல்லா இருக்கேம்ப்பா என்பாய், நான் சரிம்மா என்பேன், இரண்டு பேருக்கும் அது நன்றாகப் பழகிப்போய்விட்டது. கடிதத்தில் என்னை நடுவில் நிறுத்த உன்னால் முடியாது.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், ஏதோ அந்தப் படிகளை நான்தான் உயரமாகக் கட்டிவிட்டேன் என்பதுபோல. பட்டறையில் கூரை ஒழுகிய இடத்தில் புதுத் தகடு போட்டாயிற்று. என்னோடு வண்டிகளுக்கு நசுங்கல் எடுக்கிற டிங்கர் அண்ணன் ஒருவழியாகப் புகை பிடிப்பதை விட்டுவிட்டார், அதற்குப் பதில் நாள் முழுக்க எதையாவது வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார், பேசினால் பாதிதான் புரிகிறது. சாம்பல் பூனை குட்டி போட்டிருக்கிறது, எங்கே என்று கேள், பெயிண்டுக்கு வந்த ஒரு வண்டியின் பின்சீட்டில். குட்டிகள் கண் திறக்கும்வரை வண்டியை அசைக்கக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டுவிட்டாள், பாவம் அந்த வண்டிக்காரர் பஸ்ஸில் போய் வருகிறார், வருகிற வழியில் குட்டிகளை எட்டிப் பார்த்துவிட்டும் போகிறார். இதெல்லாம் சிரித்துக்கொண்டு எழுத வேண்டிய சேதி. நான் சிரிக்கவில்லை என்பது உனக்கே தெரியும்.

உன் தோழி விடுமுறைக்கு வந்தபோது உன் பெட்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். சின்ன அறைக்கு மாறுகிறேன், இடம் இல்லை, இந்தப் பொம்மையை மட்டும் என் அலமாரியில் வையுங்கள் என்று சொல்லியிருந்தாய். திறந்து பாருங்கப்பா என்றும் சொன்னாய். அதை நான் காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை. நீ முதல் சம்பளத்தில் இந்த மாதிரி ஒரு பொம்மை வாங்கிப் படம் அனுப்பியதிலிருந்தே இது உன் பைத்தியம், நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டோம். பெட்டியைத் திறந்தது அம்மா. மூடியை எடுத்துப் பஞ்சை விலக்கினாளோ இல்லையோ, ஐயோ ஏங்க இங்க ஓடி வாங்க என்று போட்ட சத்தத்தில் நான் பாதி சவரத்தோடு ஓடினேன். உள்ளே ஒரு ஆள் படுத்திருப்பதுபோல இருந்தது. முழங்கை, முழங்கால், இடுப்பு என்று மடங்குகிற இடமெல்லாம் உருண்டை உருண்டையாக வைத்து உள்ளே இழுவைக் கயிறு கோத்திருக்கிறார்கள், தூக்கினால் கை தானாக மடங்கி அம்மாவின் விரலைப் பிடிக்கிறது, கண் ஈரமாக இருப்பதுபோல மினுமினுக்கிறது. இத்தனை பெரிய பொம்மையை, இத்தனை உயிரோடு, யார் எதிர்பார்த்தோம். அம்மாவுக்குப் படபடப்பு அடங்கவே நேரம் ஆயிற்று, அடங்கியதும் ஒரு துண்டை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டாள், குளிருதோ என்னமோ என்று வேறு சொன்னாள். அப்போதுதான் நான் பார்த்தேன். மார்புக்குக் கீழே தொடங்கி அடிவயிறுவரை நட்டநடுவில் ஒரு கோடு. பக்கவாட்டில் பொத்தான் அளவுக்கு ஒரு சின்னக் குழி.

என்னைப்போல் ஒருவன் அதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? வழியில் அடிபட்டுவிட்டது என்றுதான் நினைப்பான். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள், அய்யய்யோ உடைஞ்சிருக்கு, அவ பார்த்தா உயிரையே விட்டுடுவா, நீங்கதான் ஊரான் வண்டிக்கெல்லாம் பண்றீங்களே, நம்ம பொண்ணு பொம்மைக்குப் பண்ண மாட்டீங்களா என்றாள். எனக்கு வேறு வேலை என்ன. மறுநாளே பட்டறைக்கு எடுத்துப் போய்விட்டேன். நம் பட்டறைப் பழக்கம் உனக்குத் தெரியும், எந்த வண்டி வந்தாலும் கை வைப்பதற்கு முன்னால் எங்கெங்கே கீறல் இருக்கிறது என்று படம் எடுத்து வைத்துக்கொள்வேன், நாளைக்கு இது முன்னாடி இல்லையே என்று யாரும் வாய் திறக்கக்கூடாது. அந்தக் கைப்பழக்கத்தில் பொம்மையின் வயிற்றையும் வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுத்தேன். அப்புறம் உள்ளங்காலில் ஒரு சொட்டு பெயிண்ட் வைத்து, பொம்மை செய்திருக்கிற பொருள் அதைத் தாங்குகிறதா என்று பார்த்தேன், தாங்கியது. கோட்டுக்குள் மெல்லிய பட்டி வைத்து, காயவிட்டு, தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் பூப்போலத் தேய்த்து, அதன் தோல் நிறத்தைக் கலந்து பிடித்து, சின்ன ஸ்ப்ரே கன்னால் மூச்சுவிடுகிற மாதிரி அடித்தேன். ஒரு பெரிய வண்டிக்குக்கூட நான் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. முடித்தபோது எங்கே கோடு இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. டிங்கர் அண்ணன் மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார், தம்பி நீ டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்யா என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் நீ பேசினாய். நினைவிருக்கிறதா? இருக்கும், உனக்கு மறக்காது. பொம்மையைப் பார்த்தீங்களாப்பா என்றாய். பார்த்தேனே என்றேன். நல்லாப் பார்த்தீங்களா என்றாய். நான் எவ்வளவு பெருமையோடு சொன்னேன், நல்லாப் பார்த்தேம்மா, ஒரு கீறல்கூட இல்ல, கண்ணாடி மாதிரி இருக்கு என்று. அடிபட்டதைச் சொன்னால் நீ வருத்தப்படுவாய், சரிசெய்தாயிற்று, எதற்கு அதைச் சொல்லிக்கொண்டு என்று நினைத்தேன். நீ சரிப்பா என்றாய். அம்மாவிடம்கூடப் பேசாமல் வைத்துவிட்டாய். வேலைக் களைப்பு போலிருக்கிறது என்று நான் அம்மாவுக்குச் சமாதானம் சொன்னேன். அந்த சரிப்பா இப்போது எனக்குக் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பொம்மை காய்வதற்காகப் பட்டறை அலமாரியில் இரண்டு பம்பருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. நம் தெருக்கோடியில் இருக்கிற பல் டாக்டர் அம்மா, சிவப்பு வண்டி வைத்திருப்பவர், சுவரில் உரசின கதவைக் காட்ட வந்தவர், பொம்மையைப் பார்த்ததும் கதவை மறந்துவிட்டார். சார் இது யாரோடது, எங்க வாங்கினீங்க என்று ஒரே ஆர்ப்பாட்டம். அவரும் இந்த ரகப் பொம்மைகள் சேர்க்கிறவராம், பல் பிடுங்குகிற கையால் பொம்மைக்கு இமை ஒட்டுகிறவராம், இத்தனை நாள் யாருக்குத் தெரியும். நான் சும்மா இருந்திருக்கலாம். போனை எடுத்து முன்னால் எடுத்த படத்தைக் காட்டி, இப்படி இருந்ததை இப்படி ஆக்கியிருக்கேன் பாருங்க என்றேன். அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அழிச்சிட்டீங்களா என்று கேட்டார். ஏதோ நான் கோயில் சிலையை உடைத்துவிட்டதுபோல. ஏம்மா, அடிபட்டதை எடுக்காம என்ன பண்ணுவாங்க என்றேன். சார் அது அடிபட்டதில்ல, வேணும்னே போட்டது என்றார்.

வாலு, நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கீறலை எடுக்கத்தான் மனிதர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். ஒரு மயிரிழைக் கோட்டுக்கு இரவெல்லாம் தூங்காத வண்டிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கின, மாசு மருவில்லாத பொம்மையைப் பிளேடு வைத்து அறுத்துத் தழும்பு போடுவார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருப்பேனா? அந்த அம்மா தன் போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். புருவத்தில் வெட்டு வாங்கின ஒரு படைவீரன் பொம்மை. கழுத்தில் தீக்காயத்தோடு ஒன்று. கன்னத்திலிருந்து உதடுவரை கிழிந்து தைத்த ஒன்று, அது சிரித்துக்கொண்டு வேறு இருக்கிறது. எதுக்கும்மா இந்தக் கொடுமை என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அச்சிலேர்ந்து வரும்போது எல்லாம் ஒரே மூஞ்சி சார், ஆயிரம் பேர் வீட்லயும் அதே மூஞ்சிதான் இருக்கும், ஒரு தழும்பு போட்டாத்தான் அது நம்மளோடது, அதுக்கு ஏதோ நடந்திருக்கு, அதத் தாண்டி வந்திருக்குன்னு தோணும் என்றார். சிலர் கதை கட்டிப் போடுவார்களாம், போருக்குப் போனான், கப்பலில் அடிபட்டான் என்று. சிலர் தங்களுக்கு இருப்பதையே போடுவார்களாம். அவருக்குத் தெரிந்த ஒரு பெண் மார்பில் ஆபரேஷன் ஆனபிறகு கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாளாம், அதே தழும்பைத் தன் பொம்மைக்குப் போட்டு அதைத் தினமும் பார்த்துப் பார்த்துத்தான் பழகினாளாம், என்னைப் பார்க்க முடியல, இவளைப் பார்க்க முடிஞ்சுது என்று சொன்னாளாம். இதைச் சொல்லும்போது அந்த அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் உச்சுக்கொட்டிக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அப்புறம் என் வாய் இருக்கிறதே. சூழ்நிலையை லேசாக்குவதாக நினைத்துக்கொண்டு, எம் பொண்ணு பொம்மையை வெட்டினவன் ரொம்ப மரியாதைக்காரன் போல இருக்கும்மா, நேரா வந்தவன் தொப்புளைக் கண்டதும் ஒதுங்கி வளைஞ்சு போயிருக்கான் பாருங்க என்றேன். டிங்கர் அண்ணன் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. என் கையிலிருந்து போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த அந்தச் சின்னக் குழியைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். சார், கத்திச் சண்டையில யாரும் தொப்புளைச் சுத்திப் போக மாட்டாங்க என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, வயித்துல பெரிய ஆபரேஷன் பண்ணும்போதுதான் இப்படி வளைச்சுப் போவாங்க, இந்தக் குழி ட்யூப் வெச்ச இடம், உங்க பொண்ணுக்கு ஏதாவது என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். இல்லம்மா, அவளுக்கு ஒண்ணும் இல்ல, அவ நல்லா இருக்கா என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். டிங்கர் அண்ணன் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார், ஆறாத புண்ணை யாரும் இவ்வளவு பொறுமையா செதுக்க மாட்டாங்க சார், ஆறினதத்தான் செதுக்குவாங்க என்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்கலாமா என்று பார்த்தேன், என் முகம் எங்கே விடுகிறது. சொன்னேன். அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எனக்கு நெஞ்சில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்களே, அந்தச் சமயம் நீ ஒரு மாதத்துக்கு மேல் முகம் காட்டாமல் குரலில் மட்டும் பேசினாய். காமிரா கெட்டுப்போச்சும்மா என்றாய். குரல் ஏன் இப்படி இருக்கு என்றதற்குத் தொண்டை கட்டியிருக்கு என்றாய். அப்புறம் முகம் காட்டியபோது பாதியாக இளைத்திருந்தாய், அம்மா கேட்டதற்கு டயட் என்றாய், நான்கூட நல்லதுதானே என்று சொல்லிவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் அசடுகள் மாதிரி நம்பியிருக்கிறோம். அன்று சாயங்காலமே அம்மா உன்னைக் கூப்பிட்டாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன், உனக்குத் தெரியாது. சாப்பிட்டியா, வேலை எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தவள் அதே குரலில், வயிறு இப்ப எப்படிடா இருக்கு என்று கேட்டாள். உடனே நீ, யாரோ கதவைத் தட்டறாங்கம்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாய். போனை வைத்தபிறகுதான் அம்மா அழுதாள்.

உன்மேல் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கப்போவதில்லை. அப்பாவின் நெஞ்சு தாங்காது என்றுதானே மறைத்தாய்? என் நெஞ்சைக் காப்பாற்ற உன் வயிற்றை ஒளித்து வைத்தாயா? யார் உன்னிடம் அப்படி ஒரு கணக்கைக் கேட்டது? உனக்கு மயக்க மருந்து கொடுத்தபோது வெளியே யார் உட்கார்ந்திருந்தார்கள்? கண் விழித்ததும் உதட்டை ஈரத்துணியால் நனைத்தது யார்? வீட்டுக்கு வந்து எப்படி எழுந்து நடந்தாய், எப்படிக் குனிந்து செருப்புப் போட்டாய்? என்ன நோய் என்று பெயரையாவது சொல். கெட்ட பெயராக இருந்தாலும் சொல், நல்லபடியாக முடிந்துவிட்டதென்றால் அதையும் சொல். தெரியாமல் இருப்பதில் அம்மா இரவும் பகலும் ஒவ்வொரு நோயாக உனக்கு வரவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னொன்றும் எனக்குப் புரிந்துவிட்டது. அறையில் இடம் இல்லை என்று நீ அந்தப் பொம்மையை அனுப்பவில்லை. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் அவள் வயிற்றில் செதுக்கி அனுப்பி, திறந்து பாருங்கப்பா என்றாய். உன் அப்பன் திறந்து பார்த்து, பட்டி வைத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, ஒரு கீறல்கூட இல்லை என்று உனக்கே பதில் சொன்னான். அதைக் கேட்டு நீ என்ன நினைத்திருப்பாய் என்று யோசிக்கும்போது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருக்கிறார் என்று நினைத்திருந்தால், இல்லை கண்ணு, சத்தியமாக இல்லை. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நேற்றுப் பொம்மையை வீட்டுக்கு எடுத்து வந்து ஜன்னலோரம் மேசையில் படுக்கவைத்தோம். அம்மா பொம்மையின் தலையைப் பிடித்துக்கொண்டாள், நான் மரக்குச்சியும் பஞ்சும் வைத்துக்கொண்டு போட்ட பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். சுத்தமாகச் செய்த வேலையை நானே சுரண்டுவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. மெதுவா, மெதுவா, வலிக்கப்போகுது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள், பொம்மைக்கு எங்கேயடி வலிக்கும் என்று நான் கேட்கவில்லை, நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சுரண்டினேன். அடியில் நீ போட்ட கோடு அப்படியே இருந்தது. எங்கும் கை நடுங்காமல், தொப்புளிடம் அழகாக வளைந்து, ஒரே இழுப்பில் போட்டிருக்கிறாய். வேலை சுத்தம். அம்மா அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழேவரை ஒரு தடவை தடவினாள், அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டாள். கோடு இருக்கிறது, நிறம்தான் இல்லை. நிறத்தை நான் தேய்த்து எடுத்துவிட்டேன். இன்றைக்குப் பட்டறையில் இதைச் சொன்னதும், போனில் இருக்கிற படத்தைப் பார்த்துக் கலந்துவிடலாமே என்றார் டிங்கர் அண்ணன். கலக்க மாட்டேன் என்றேன். அது நீ செதுக்கிய நாளின் நிறம், தழும்பு அதே நிறத்தில் நிற்காது, முதலில் சிவக்கும், அப்புறம் கருக்கும், உடம்பு தேறத் தேற வெளுத்துக்கொண்டே வரும். இன்றைக்கு அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

கனமான எதையும் தூக்காதே. அறை மாறியபோது பெட்டிகளை நீயே தூக்கியிருப்பாய், எனக்குத் தெரியும், இனிமேல் ஆள் வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, டயட் என்ற வார்த்தையை இந்த வீட்டில் இனி யாரும் சொல்லக்கூடாது. என் நெஞ்சைப் பற்றிக் கவலைப்படாதே, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், இவ்வளவையும் கேட்டுவிட்டு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன் என்றால் அது எவ்வளவு கெட்டி என்று பார்த்துக்கொள். நீ ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் இருக்க வேண்டும், அம்மாவும் நானும் வேறு எதுவும் கேட்கவில்லை. உன் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்ததாக நினைத்துக்கொள்.

மறக்காமல் ஒன்று. உன் தழும்பின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து எனக்கு எழுது, ட்யூப் லைட்டில் பார்க்காதே. படம் எடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைக்காதே, காமிரா நிறத்தில் பொய் சொல்லும், அது எனக்குத் தொழிலிலேயே தெரியும். நீ எழுதினாலும் நான் நேரில் பார்க்காமல் கலக்கப்போவதில்லை. ஒன்று நீ வா, இல்லையென்றால் நாங்கள் வருகிறோம், அம்மா பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள். அதுவரை உன் பொம்மை ஜன்னலோரம் துண்டு போர்த்திக்கொண்டு படுத்திருப்பாள்.

இப்படிக்கு,
ஒரு கீறல்கூட இல்லை என்று சொன்ன
உன் அப்பா